கசிவு கேட்பவன்

ஒன்றரைக்குப் பிறகுதான் கொட்டாஞ்சேனை வாயை மூடும்.
கடைசி பஸ் போய்,
நாய்கள் தங்களுக்குள் ஒரு முடிவுக்கு வந்து,
துறைமுக லொறிகள் எஞ்சினை அணைத்த பின்
எங்கள் வேலை.

ஐந்தடி இரும்புக் கம்பி.
ஒரு முனை தாரில், மறுமுனை என் காதெலும்பில்.
கீழே, வெள்ளைக்காரன் புதைத்துவிட்டுப் போன வார்ப்பிரும்புக் குழாய்
எங்கேயோ ஒழுகிக்கொண்டிருக்கிறது.
தோண்டாமல் சொல்ல வேண்டும்.
நீர்வழங்கல் சபை எனக்குச் சம்பளம் தருவது
ஒரேயொரு சொல்லுக்கு:
இங்கே.

வேனுக்குள் போன் வெளிச்சத்தில் நிஸ்தாரின் தாடி:
"அண்ணன், ஒங்கட ஆக்கள் சனிக்கும் போயிருக்காங்க போல."

சனியில் கம்பி ஊன்றத் தரை இல்லை.
மேகத்துக்குக் கீழே மேகம்,
அதற்கும் கீழே அமுங்கி அமுங்கி
உலோகக் குணம் கொண்டுவிட்ட ஹைட்ரஜன்.
காந்தப்புலமோ சுழலும் அச்சோடு ஒட்டிக்கொண்டு
நாளின் நீளத்தைக்கூடக் காட்டிக்கொடுக்கவில்லை.
ஆனாலும் அது உள்ளுக்குள் அதிர்கிறது,
கொதிக்கும் பானையின் மூடி மாதிரி.
விளிம்பு ஏறி இறங்குவது ஏறத்தாழ ஒரு மீற்றர்.
எங்கள் வீட்டு மேசை உயரம்.
அந்த மேசை உயரத்தின் இழுப்பு
இருபதாயிரம் கிலோமீற்றர் தள்ளிப் போய்
வளையத்தின் பனிக்கட்டிகளைத் தொடுகிறது.
கட்டிகள் நெருங்குகின்றன, விலகுகின்றன,
சுருள் சுருளாக ஒரு வரி எழும்புகிறது.
வளையத்தின் பின்னால் ஒரு நட்சத்திரம் நகர்ந்தபோது
அதன் ஒளி மங்கித் தெளிந்ததை விண்கலம் எண்ணியது.
அவ்வளவுதான்.
கிடைத்தது ஒரு நாள்:
பத்து மணி முப்பத்து மூன்று நிமிடம், சில்லறை விநாடிகள்.

"எங்கட ஷிஃப்டை விடக் கொஞ்சம் கூட," என்றான் நிஸ்தார்.

இதே ஆமர் வீதிச் சந்தியில், இரண்டாயிரத்து எட்டில்,
குனிந்திருந்த என் முதுகில் டோர்ச் விழுந்தது.
அடையாள அட்டை. பெயர். பிறந்த இடம்.
றோட்டில் என்ன ஒட்டுக் கேட்கிறாய்?
தண்ணீர் என்றேன். என் சிங்களம் நடுங்கியது.
நம்பவில்லை.
கம்பியைப் பறித்த சிப்பாய், மீசை முளைக்காத பையன்,
எதற்கோ அதைத் தன் காதிலும் வைத்தான்.
வெகுநேரம் வைத்திருந்தான்.
வத்துர, என்றான், யாரிடமும் இல்லாமல்.
அட்டையைத் திருப்பித் தந்தார்கள்.
எந்த இடத்தில் கசிந்தது என்பது
அன்றைய அறிக்கையில் இல்லை.

போன் மீண்டும் படிக்கிறது:
ஒரு அலை வரவேண்டிய இடத்தில்
அருகருகே இரண்டு மூன்று இருந்தனவாம்.
மையத்தில் உருண்டையாக ஒரு கல் இருந்தால் அப்படி வராதாம்.
பாறை எங்கே முடிகிறது, வாயு எங்கே தொடங்குகிறது
என்று அங்கே கோடு இல்லை;
பாதி வழிக்கும் மேலே
ஒன்று மற்றதில் கரைந்துகொண்டே போகிறது.

நான் கம்பியைத் தூக்கி அடுத்த எட்டில் வைத்தேன்.
அதே சீறல்.
அடுத்த எட்டிலும்.
சோடாக்கடை வாசலில் கொஞ்சம் குறைந்து
மாதா சிலை விளக்கடியில் பிறகும் கூடியது.
முப்பது வருடத்தில் பார்த்த கசிவுகளுக்கெல்லாம் ஒரு உச்சம் உண்டு,
அதில் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு பெருக்கல் குறி போடுவேன்.
இந்தக் குழாய்க்கு ஓட்டை இல்லை.
குழாயே மண்ணாகிக்கொண்டிருக்கிறது,
மண் நீராகிக்கொண்டிருக்கிறது.

பெயின்ட் டின்னை அழுத்தியபடி நடந்தேன்.
சந்தியிலிருந்து பள்ளிவாசல் மதில் வரை
மஞ்சளாக ஒரு கோடு, கை போன போக்கில்.
நிஸ்தார் வேனை விட்டு இறங்கி வந்து பார்த்தான்.
"இஞ்சினியர் ஏசுவாரே. இதுல எங்க வெட்டுறது?"

படிவத்தில் 'இடம்' என்ற கட்டம் என் பெருவிரல் அகலம்.
பேனையை வைத்துக்கொண்டு நின்றேன்.

நாலரைக்கு, மாடி வீடொன்றில்
யாரோ வுழூவுக்குக் குழாயைத் திறந்தார்கள்.
தெரு முழுக்கத் தண்ணீர் ஓடும் சத்தம்.
இனி நாளை இரவுதான்
எதையும் கேட்க முடியும்.